66 வயதுத் தொடைக்கு எத்தனை ஸ்கூப்?

கேள்வி:

வணக்கம் டாக்டர் அம்மா. எனக்கு வயது 66, எடை 68 கிலோ. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. நாலு வருஷமாக சைக்கிள் ஓட்டுகிறேன். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகப் பாண்டி கடற்கரை வரை போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவோம். எங்கள் கூட்டத்தில் நான்தான் மூத்தவன்.

நாலு மாதமாக ஒரு தொல்லை. ஓட்டிய அன்று ஒன்றும் தெரிவதில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் இரண்டு தொடையும் கட்டை மாதிரி கனக்கிறது, மாடி ஏறினால் வலிக்கிறது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டால் குறைகிறது. கூட வரும் 28 வயதுத் தம்பி ஒருவர், "உங்களுக்குப் புரோட்டீன் பத்தலை சார், தினம் ரெண்டு ஸ்கூப் அடிங்க" என்கிறார். அதைக் கேட்டு பெங்களூரில் இருக்கும் என் மகன் 2 கிலோ வே புரோட்டீன் டப்பா அனுப்பிவிட்டான், சாக்லேட் வாசனை. என் மனைவி அதைத் திறக்கவே விடவில்லை. கிட்னி போய்விடும் என்கிறார்.

பிரஷருக்கு டெல்மிசார்டன், கொலஸ்டிராலுக்கு அடார்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறேன். சர்க்கரை எல்லையில் இருக்கிறது. காலையில் 3 இட்லி, மதியம் சாதம், சாம்பார், பொரியல், தயிர், இரவு 3 சப்பாத்தியும் குருமாவும், படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். ஞாயிறு மட்டும் மீன். டப்பாவைத் திறக்கலாமா? எத்தனை ஸ்கூப், எப்போது? இந்த வயதில் போன சதை திரும்ப வருமா?

பதில்:

ஐயா, வணக்கம். முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் இல்லை, உணவியல் ஆலோசகர். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் பாதிதான் என் பாடு. மீதிப் பாதி, அதுவும் முக்கியமான பாதி, உங்களுக்கு மாத்திரை எழுதிக்கொடுக்கும் டாக்டர் பார்க்க வேண்டியது. அது எது என்று கீழே சொல்கிறேன்.

கேட்டதற்கு நேர் பதில் இது. டப்பாவைத் திறக்கலாம், ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் எடுத்த பிறகு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஸ்கூப், அதாவது டப்பாவோடு வரும் அளவுக் கரண்டியால் ஒரு தடவை, காலைச் சாப்பாட்டோடு. இரண்டு வேண்டாம். தொடைவலி போய்விடும் என்று நம்பி மட்டும் திறக்காதீர்கள். உங்களுக்குப் புரதம் குறைவுதான், அந்தத் தம்பி சொன்னது தப்பில்லை. ஆனால் உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் தனித்தனி விஷயம்.

நீங்கள் எழுதிய சாப்பாட்டை அப்படியே ஒரு தாளில் போட்டுக் கூட்டினேன். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். மூன்று இட்லி, சட்னி எல்லாம் சேர்த்து 8 கிராம் என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மதியம் சாதத்தில் ஒரு 7, தயிரில் 3, பொரியலில் 2. சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு ரகசியம். 100 கிராம் துவரம்பருப்பு போட்டு நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 5 கிராம் சொச்சம் வரும். ஆக மதியம் 17. சாயங்காலம் டீயில் ஒரு 2. இரவு சப்பாத்தி, குருமா, பால் சேர்த்து 18. மொத்தம் 45 கிராம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் வெளியிட்ட கணக்குப்படி பெரியவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். உங்கள் 68 கிலோவுக்கு அது 56 கிராம். சைக்கிளே ஓட்டாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் உங்களுக்கு 11 கிராம் குறைகிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்காக 2013ல் பல நாட்டு முதியோர் மருத்துவர்கள் கூடிச் சொன்ன அளவு இன்னும் அதிகம். சும்மா இருப்பவருக்கு 1 முதல் 1.2 கிராம், உடற்பயிற்சி செய்பவருக்கு 1.2க்குக் குறையக் கூடாது. அந்தக் கணக்கில் உங்களுக்கு 82 கிராம் வேண்டும். ஏறக்குறைய பாதிதான் உள்ளே போகிறது.

வயசாக ஆக சாப்பாடு குறையத்தானே வேண்டும், புரதம் மட்டும் ஏன் கூட வேண்டும் என்று கேட்பீர்கள். காது மந்தமான பெரியவரிடம் பேசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லச் சொன்னால் கேட்காது, குரலை உயர்த்த வேண்டும். சாப்பிட்ட புரதம் செரித்து ரத்தத்தில் கலக்கும்போது, அதில் இருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலம் (புரதம் கட்டப்பட்டிருக்கும் செங்கற்களில் ஒன்று) தான் தசைக்குக் "கட்டு" என்று சொல்லும் குரல். இளவட்டத் தசைக்கு ஒரு வேளையில் கிலோவுக்கு 0.24 கிராம் புரதம் போனாலே அந்தக் குரல் நன்றாகக் கேட்கிறது. 65ஐத் தாண்டிய தசைக்கு 0.4 கிராம் தேவைப்படுகிறது. உங்களுக்கு அது ஒரு வேளைக்கு 27 கிராம். இப்போது உங்கள் காலை இட்லியைப் பாருங்கள், 8 கிராம். அதுவும் 45 கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்து, தசை கையேந்தி நிற்கிற நேரத்தில். அந்தத் தம்பிக்கு 28 வயது. அவர் தசைக்குக் கிசுகிசுத்தாலே கேட்கும். அவருக்குச் சரிப்பட்டது உங்களுக்குச் சரிப்படாமல் போவதற்கு இதுவே போதும்.

அதனால் நான் முதலில் கைவைப்பது உங்கள் காலைச் சாப்பாட்டில். மூன்று இட்லி இருக்கட்டும். சட்னியோடு நிறுத்தாமல் பருப்பு தெரிகிற சாம்பார் ஒரு கிண்ணம், இரண்டு அவித்த முட்டை மஞ்சள் கருவோடு, ஒரு டம்ளர் பால். 27 கிராம் வந்துவிடும். முட்டை வேண்டாத நாளில் இட்லிக்குப் பதில் அடை. கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் அரிசிக்குச் சமமாகப் போட்டு அரைத்த கனமான அடையாக இருக்கட்டும், ஹோட்டல் அடை மாதிரி பேருக்கு இருக்கக் கூடாது. பச்சைப்பயறு தோசையும் நல்லது. சாயங்கால டீக்கு பிஸ்கட்டை விட்டுவிட்டு ஒரு கிண்ணம் சுண்டல், இல்லையென்றால் ஒரு பிடி வேர்க்கடலை. அதில் 7, 8 கிராம் கிடைக்கும்.

கடலூர்க்காரர் வாரத்துக்கு ஒரு நாள்தான் மீன் சாப்பிடுகிறேன் என்று எழுதுவதைப் படித்தபோது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. முதுநகர் துறைமுகத்தில் மீன் வந்து இறங்குகிற ஊர் உங்களுடையது. 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் புரதம், அதுவும் லியூசின் நிறைந்த புரதம். வஞ்சரம்தான் வேண்டும் என்றில்லை. மத்தியும் நெத்திலியும் விலைக்கும் சத்துக்கும் அதைவிட எனக்குப் பிடித்தவை. நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் சேர்ந்து வருகிறது. வாரத்தில் மூன்று நாள், பொரிக்காமல் குழம்பாக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, விலை ஏறிவிடும். அப்போது கட்லா, ரோகு போன்ற குளத்து மீன் வாங்கலாம், முட்டையைக் கூட்டிக்கொள்ளலாம். கருவாட்டில் புரதம் மலை மாதிரி இருக்கிறது, ஆனால் உப்பும் அப்படியே இருக்கிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்துவது நல்லது.

சரி, டப்பாவுக்கு வருவோம். அதை மருந்தாகவும் பார்க்க வேண்டாம், விஷமாகவும் பார்க்க வேண்டாம். பால் திரிந்தால் கட்டி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் பிரியும் இல்லையா? சீஸ் தயாரிக்கும்போது அப்படிப் பிரிகிற தண்ணீரிலிருந்து புரதத்தை வடித்து உலர்த்தியதுதான் வே. பால் பொருள்தான், வேறு மாயம் இல்லை. (வீட்டில் பனீர் எடுத்த தண்ணீரைக் குடித்தால் போதாதா என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். ஒரு லிட்டரில் சில கிராம்தான் இருக்கும். சப்பாத்தி மாவு பிசைந்துகொள்ளச் சொன்னேன்.) வேயில் லியூசின் அதிகம், சீக்கிரம் செரிக்கும். ஒரு ஸ்கூப்பில் 24, 25 கிராம் புரதம் கிடைப்பதால் காலை வேளையில் விழும் ஓட்டையை அடைக்க வசதி. அந்த வசதிக்குத்தான் காசு.

திறப்பதற்கு முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கத்துப் பெரிய எழுத்து எதற்கும் உதவாது. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். 100 கிராம் பொடியில் எத்தனை கிராம் புரதம் என்ற வரியைப் பாருங்கள். கான்சன்ட்ரேட் (ஓரளவு வடித்தது) என்றால் 70 முதல் 80, ஐசோலேட் (இன்னும் சுத்தமாக வடித்தது) என்றால் 90 பக்கம் இருக்க வேண்டும். 30, 40 என்று போட்டு, சேர்மானத்தில் முதல் பெயரே சர்க்கரையாகவோ மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியாகவோ இருந்தால் அது வெறும் இனிப்பு பானம். சர்க்கரை எல்லையில் நிற்கும் உங்களுக்கு அது ஆகாது. சேர்மானத்தில் கிளைசின், டாரின் என்று தனியாக எழுதியிருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். ஆய்வகத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து அதிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். விலை மலிந்த அமினோ அமிலத்தைக் கலந்தால் நைட்ரஜன் கூடும், தாளில் புரதம் கூடிவிடும், தசைக்கு ஒன்றும் கூடாது. 2024ல் நம் நாட்டில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து ஓர் ஆய்வு வந்தது. ஏறக்குறைய 70 சதவீதத்தில் டப்பாவில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. மகனிடம் எங்கே வாங்கினான் என்று கேளுங்கள். தயாரிப்பாளர் ஒவ்வொரு பேட்சுக்கும் வெளி ஆய்வகச் சான்று கொடுக்கிறாரா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை பிடிக்கும்.

எடுத்துக்கொள்ளும் விதம் எளிது. கொதிக்கிற பாலில் போட்டால் முட்டை வெந்த மாதிரி கட்டி கட்டியாகிவிடும். ஆறிய பால் ஒரு டம்ளர், ஒரு ஸ்கூப், மூடி போட்ட பாட்டிலில் குலுக்கினால் போதும். முதல் நாலு நாள் அரை ஸ்கூப். வயிறு உப்பினால் பாலுக்குப் பதில் தண்ணீரில் கலக்குங்கள். அப்படியும் உப்பினால் அந்த வகை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடலாம். ஸ்கூப்பை ஒரு தடவை சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். குவித்து அள்ளுவதற்கும் தட்டி அள்ளுவதற்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். ஈரக் கரண்டி போடாதீர்கள், நம் கடற்கரைக் காற்றுக்கு ஒரே வாரத்தில் பாறையாகிவிடும்.

சைக்கிளை விட்டு இறங்கி அரை மணிக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை நம்பி, பாண்டி கடற்கரையில் நின்று பொடி குலுக்க வேண்டாம். உழைத்த தசை ஒரு நாள் முழுக்க புரதத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறது. 9 மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பாட்டோடு எடுத்தால் போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், சாப்பாட்டோடு. தொழிலுக்கு வந்த புதிதில் 70 வயதுப் பெரியவர் ஒருவருக்குப் பொடியை எழுதிக்கொடுத்துவிட்டு, இதைச் சொல்லாமல் விட்டேன். அவர் காலையில் அதை மட்டும் குடித்தார். வயிறு நிறைந்துவிட்டது, டிபன் வேண்டாம் என்றார். மூன்று மாதம் கழித்து எடை 2 கிலோ குறைந்து வந்து நின்றார். தப்பு என்னுடையது. சோற்றில் வர வேண்டிய சக்தி வராவிட்டால், உடம்பு புரதத்தையே விறகாக எரித்துவிடும்.

உங்கள் கணக்கை மறுபடி போடுகிறேன். பழைய 45, ஒரு ஸ்கூப் 24, கலக்கும் பால் 6, சாயங்காலச் சுண்டல் 8. மொத்தம் 83. வந்துவிட்டது. முட்டையும் மீனும் இரண்டும் சாப்பிடும் நாளில் பொடி தேவையே இல்லை. ஒரு ஸ்கூப் 33 கிராம் என்றால் 2 கிலோ டப்பா 60 தடவைக்கு வரும். தீர்வதற்குள் சாப்பாடு பழகிவிட்டால் அடுத்த டப்பா வாங்க வேண்டாம். அமினோ கேப்சூல், கொலாஜன் பவுடர் என்று வேறு எதையும் சேர்க்கவும் வேண்டாம். கொலாஜனில் தசைக்கு வேண்டிய லியூசின் கொஞ்சம்தான்.

இப்போது உங்கள் வீட்டம்மாவின் பயம். அதில் நியாயம் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள கிட்னியை இந்த அளவுப் புரதம் கெடுத்ததாக ஆதாரம் இல்லை. ஏற்கெனவே பழுதான கிட்னிக்கு மட்டும் கதை வேறு. டயாலிசிஸ் நிலைக்குப் போகாத கிட்னி நோயாளிக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் நிறுத்தச் சொல்கிறார்கள், நான் மேலே எழுதியது எதுவும் அவருக்குப் பொருந்தாது. சிக்கல் என்னவென்றால் கிட்னி பாதி பழுதானாலும் வெளியே தெரியாது. 66 வயது, பல வருஷத்து பிரஷர், எல்லைச் சர்க்கரை. சோதிக்காமல் உங்களுக்குச் சரி என்று சொல்ல நான் தயாரில்லை. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற தசைக் கழிவைப் பார்த்து, அதிலிருந்து கணக்கிடும் ஈ.ஜி.எஃப்.ஆர். எண்ணையும் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு) கேட்டு வாங்குங்கள். சிறுநீரில் அல்புமின் கிரியேட்டினின் விகிதம் பாருங்கள், கிட்னியிலிருந்து புரதம் கசிகிறதா என்று அது சொல்லும். ஈ.ஜி.எஃப்.ஆர். 60க்குக் கீழே இருந்தாலோ, அந்த விகிதம் 30க்கு மேலே இருந்தாலோ டப்பா அப்படியே இருக்கட்டும், டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். பாண்டி போய்வந்த மறுநாள் ரத்தம் கொடுக்காதீர்கள். தசை உழைப்பும் நீர் வற்றலும் கிரியேட்டினினைத் தற்காலிகமாக ஏற்றிக் காட்டும், வீட்டில் கலவரமாகிவிடும். நாலைந்து நாள் ஓட்டாமல் இருந்து கொடுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டம்மா பயப்பட வேண்டியது டப்பாவைப் பார்த்து அல்ல, அந்த வலி மாத்திரை அட்டையைப் பார்த்து. அது எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகையாக இருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். இந்த வகை மாத்திரை கிட்னிக்குள் போகும் ரத்தக் குழாயைச் சுருக்கும். டெல்மிசார்டன் கிட்னியின் வடிகட்டி அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும். வியர்த்துக் கொட்டி உடம்பில் தண்ணீரும் குறைந்தால் கிட்னிக்கு மூன்று பக்கமும் நெருக்கடி. கடலூர் மே மாதத்தில் 45 கிலோமீட்டர் ஓட்டி வந்து அந்த மாத்திரையைப் போடுவது எனக்கு இரண்டு ஸ்கூப்பைவிடப் பெரிய கவலை. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா, எவ்வளவு என்பதையும் டாக்டரே சொல்லட்டும்.

அடுத்து, அந்த வலியே. படி இறங்கும்போது, இறக்கத்தில் ஓடும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. மறுநாள், மறு மறுநாள் வரும் வலி பெரும்பாலும் அந்த வேலையால் வருவது. சைக்கிளில் அந்த வேலை மிகவும் குறைவு, மிதிக்கும்போது தசை சுருங்கியே வேலை செய்கிறது. நாலு வருஷம் பழகிய பாதையில், பழகிய வேகத்தில் ஓட்டுகிறவருக்குத் திடீரென்று இரண்டு நாள் வலி வந்தால் எதுவோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். நாலு மாதம் முன்பு என்ன மாறியது? கொலஸ்டிரால் மாத்திரை அப்போதுதான் ஆரம்பித்ததா? இல்லை, 10 மில்லிகிராம் 20 ஆனதா? ஸ்டாட்டின் வகை மாத்திரையால் வரும் தசைவலி, வருமானால், இப்படித்தான் இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி வரும், தொடங்கிய சில வாரங்களில் அல்லது அளவைக் கூட்டியபின் வரும். இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் சொல்லும் தசைவலியில் பெரும்பகுதிக்கு அந்த மாத்திரை காரணமில்லை என்றும் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மாரடைப்பைத் தடுக்கிற மாத்திரை அது. டாக்டரிடம் தேதியோடு சொல்லுங்கள். அவர் சி.கே. என்ற தசை நொதி, தைராய்டு, வைட்டமின் டி, பி12 பார்ப்பார். தேவைப்பட்டால் அளவையோ மாத்திரையையோ மாற்றுவார். சி.கே.க்கும் அதே நாலைந்து நாள் ஓய்வு வேண்டும், ஓட்டியதுமே அது எகிறி நிற்கும்.

சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலும், மிதிக்கும்போது நெஞ்சில் பாரம் தெரிந்தாலும் அப்படியே.

மாத்திரையில் கோளாறு இல்லை என்றால் சைக்கிளைப் பாருங்கள். மாசி, பங்குனியிலிருந்து நம் கரையில் தெற்கிலிருந்து காற்று அடிக்க ஆரம்பிக்கும். போகும்போது முதுகில் தள்ளும் காற்று, திரும்பும்போது கிருமாம்பாக்கத்தைத் தாண்டியதும் முகத்தில் அறையும். கூட்டத்தை விட்டு விலகக் கூடாதென்று பெரிய கியரில் வைத்து அழுத்தி மிதிப்பீர்கள். அந்தத் தம்பியின் பின்னாலேயே போகிற ஆசை எல்லோருக்கும் உண்டு. கியரைக் குறைத்து, ஒரு நிமிடத்துக்கு 80 சுற்றுப் பக்கம் கால் சுலபமாகச் சுழலட்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலை பெடல் மேல் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள்கிறதா என்று பாருங்கள். முட்டி மடிந்திருந்தால் சீட் தாழ்வு, தொடை தேவையில்லாமல் சுமக்கிறது.

அப்புறம் வெறும் வயிறு. இரவு 8 மணிக்குச் சாப்பிட்டு, காலை 5 மணிக்குக் கிளம்பி, பாண்டியில் ஒரு காபியோடு 9 மணி வரை. 13 மணி நேரம். தொடை கட்டையாகக் கனப்பது பல சமயம் தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்து தீர்ந்துபோனதால்தான். அதற்கு மருந்து புரதம் இல்லை. கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், பாண்டியில் காபியோடு இரண்டு இட்லியோ இன்னொரு பழமோ. சர்க்கரை எல்லையில் இருக்கிறதே என்று தயங்காதீர்கள், மிதிக்கிற காலுக்குத்தான் அது போகும். ஒரு நாள் கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. வழியில் தண்ணீர், வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர். இளநீரில் பொட்டாசியம் நிறைய, உப்பு கொஞ்சம். டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் என்பதால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

போன சதை வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரும். 1990ல் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடைத் தசையின் அளவு 9 சதவீதம் கூடியது. பாண்டியில் உட்கார்ந்துகொண்டு பிரெஞ்சுக்காரர் ஒருவரைச் சொல்லாமல் விட முடியுமா? ரோபெர் மார்ஷான் என்பவர் 2012ல் தன் 100 வயதில் ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டர் சொச்சம் மிதித்தார். விஞ்ஞானிகள் மேற்பார்வையில் பயிற்சி செய்து, 2014ல் 102 வயதில் அதே ஒரு மணியில் 26.927 கிலோமீட்டர் மிதித்தார். 100க்குப் பிறகு வேகம் கூடியது. 2021ல் 109 வயதில்தான் இறந்தார்.

ஆனால் பாஸ்டன் கிழவர்கள் தூக்கியது எடை. சைக்கிள் நெஞ்சுக்கும் மூச்சுக்கும் நல்லது. தசையைப் பெருக்கவும் எலும்பை உறுதியாக்கவும் அது மட்டும் பத்தாது, சைக்கிளில் உடம்பின் பாரத்தை சீட் வாங்கிக்கொள்கிறது. ஓட்டாத நாளில் இரண்டு நாள், 20 நிமிடம் போதும். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, மாடிப்படியின் முதல் படியில் ஏறி இறங்குவது, சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது, இரு கையிலும் தண்ணீர்க் கேன் பிடித்து வராந்தாவில் நடப்பது. இப்போது வலி இருப்பதால் டாக்டரைப் பார்த்த பிறகு ஆரம்பியுங்கள். அதற்கு முன் ஒரு சோதனை. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள், வீட்டம்மா கடிகாரம் பார்க்கட்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தொடை பலம் குறைகிறது என்று ஆசிய நாடுகளின் அளவுகோல் சொல்கிறது. எண்ணைக் காலண்டரில் குறித்து வைத்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். கூட்டத்தோடு தினம் ஓட்ட ஆசை வந்தாலும் வாரம் மூன்றே இருக்கட்டும், நடுவில் ஒரு நாள் இடைவெளியோடு. உங்கள் வயதில் தசை கட்டப்படுவது அந்த இடைவெளியில், அதுவும் தூக்கத்தில். 5 மணிக்குக் கிளம்புகிறவர் 9.30க்குப் படுத்திருக்க வேண்டும்.

அந்த நாற்காலிச் சோதனையை வீட்டம்மாவும் செய்து பார்க்கட்டும். கடிதம் முழுக்க உங்கள் இட்லிக் கணக்கு இருக்கிறது, அவர் என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு வரி இல்லை. எல்லோரும் சாப்பிட்டபின் அடியில் மிஞ்சிய சாம்பாரைத்தான் அவர் ஊற்றிக்கொள்வார் என்று எனக்குச் சந்தேகம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் தசையும் கரையும், எலும்பு கரைவது ஆணைவிட வேகம். காலை முட்டையை அவித்தால் நாலாக அவியுங்கள்.

பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். கிரியேட்டினின், ஈ.ஜி.எஃப்.ஆர்., சி.கே. மூன்றையும், கடைசியாக எந்தத் தேதியில் ஓட்டினீர்கள் என்பதையும், கொலஸ்டிரால் மாத்திரை எந்த மாதம் எத்தனை மில்லிகிராமில் ஆரம்பித்தது என்பதையும் சேர்த்து. டப்பாவின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்தும் அனுப்புங்கள்.